விற்பது பொருளா, பெயரா?

பெட்டாலிங் ஜெயா, கம்போங் மேடானில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே இரண்டு மளிகைக் கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் அதே அரிசி, அதே பருப்பு, அதே மசாலைத் தூள். விலையில் பத்துக் காசு, இருபது காசுக்கு மேல் வித்தியாசம் இல்லை. ஆனால், மாலை ஆறு மணிக்கு ஒரு கடையில் நிற்க இடமில்லை. மற்றதில் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஏன் இப்படி?

"அவர் கைராசிக்காரர்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். உண்மையில் அங்கே வேலை செய்வது ராசியன்று, பெயர். அந்தக் கடையில் எடை சரியாக இருக்கும், வண்டு விழுந்த பருப்பைத் தலையில் கட்டமாட்டார், சம்பளம் வரும்வரை பொறுத்துக்கொள்வார் என்று ஐம்பது குடும்பங்கள் நம்புகின்றன. அந்த நம்பிக்கை கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இருக்காது. ஆனால், கடையில் உள்ளதிலேயே விலை உயர்ந்த சரக்கு அதுதான்.

வணிக உலகம் இதைத்தான் 'பிராண்ட்' என்கிறது. பலகை, நிறம், சின்னம், விளம்பரப் பாட்டு எல்லாம் பெயரை நினைவூட்டும் அடையாளங்கள் மட்டுமே. பெயரைக் கேட்டவுடன் வாங்குபவர் மனத்தில் என்ன எழுகிறதோ, அதுவே பிராண்ட். அந்த எண்ணத்தை உண்டாக்கிக் காப்பாற்றும் வேலைக்குப் பெயர் சந்தைப்படுத்துதல்.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. கம்போங் மேடானிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் பிறந்த ஒரு தமிழரின் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஹார்வர்ட் வரை

டான்ஸ்ரீ ஆனந்த கிருஷ்ணன் 1938 ஏப்ரல் 1ஆம் தேதி பிறந்தவர். யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளி. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படிப்பைத் தொடங்கி, விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் தொடர்ந்தார். கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகம் சென்று அரசியல் துறையில் பட்டம் பெற்றார். 1964இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் வணிக நிர்வாக முதுகலைப் பட்டமும் பெற்றார்.

ஆலோசனை நிறுவனத்தில் தொடங்கி எண்ணெய் வணிகத்தில் பொருள் ஈட்டினார். பின்னர் பந்தய, சூதாட்டத் துறையிலும் கால் பதித்தார். அது அவரைப் பற்றிய விமர்சனங்களில் ஒன்றாகக் கடைசிவரை இருந்தது. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் குதிரைப் பந்தயத் திடல் இருந்த நிலம் கே.எல்.சி.சி.யாக மாறியதிலும் அவர் பங்கு பெரிது. ஆனாலும், சாதாரண மலேசியரின் வீட்டுக்குள் அவரைக் கொண்டுவந்தவை இரண்டு: ஒன்று மேக்சிஸ், மற்றொன்று ஆஸ்ட்ரோ.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நம்மவர்கள் கடை வைத்தால் முதலில் தம் பெயரை, இல்லாவிட்டால் பிள்ளை பெயரைப் பலகையில் எழுதுவார்கள். அவருடைய நிறுவனங்களோ மேக்சிஸ், ஆஸ்ட்ரோ, மியாசாட், தஞ்சோங், உசாஹா தெகாஸ். ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. பத்திரிகைகளுக்குப் பேட்டி தருவதும் மிக அரிது. நாட்டின் ஊடகத் துறையில் பெரும் பங்கை வைத்திருந்தவர், அந்த ஊடகத்தில் தம் முகம் தெரியாமல் பார்த்துக்கொண்டார். மக்கள் மனத்தில் நிற்கவேண்டியது முதலாளியின் பெயரா, பொருளின் பெயரா என்ற கேள்விக்கு அவர் கொடுத்த பதில் அது.

சம்பளச் சீட்டு இல்லாதவருக்கும் ஓர் எண்

மேக்சிஸ் 1995இல் சேவையைத் தொடங்கியது. அப்போது கைத்தொலைபேசி என்பது முதலாளிகளின் இடுப்பில் தொங்கிய பொருள். கருவியின் விலை ஒரு பக்கம் இருக்கட்டும். இணைப்பு வாங்கப் போனால் சம்பளச் சீட்டு, முன்பணம், ஒப்பந்தம் என்று பட்டியல் நீளும். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து, புறம்போக்கு நிலத்தில் தகரக் கூரை வீட்டில் குடியிருந்து, தொழிற்சாலையில் நாள் சம்பளம் வாங்கிய தொழிலாளிக்கு அந்தப் பட்டியலே ஒரு பூட்டு.

1999இல் 'ஹாட்லிங்க்' என்ற முன்கட்டணச் சேவை வந்தது. காசு கொடுத்து அட்டை வாங்கு, சுரண்டு, எண்ணை அழுத்து, பேசு. பணம் தீர்ந்தால் பேச்சு நிற்கும். மாதக் கடைசியில் பயமுறுத்தும் பில் கிடையாது. கணக்கு எப்போதும் வாடிக்கையாளர் கையில்.

ஏற்கெனவே மேக்சிஸ் என்ற பெயர் இருக்க, ஹாட்லிங்க் என்று இன்னொரு பெயர் எதற்கு? இங்கேதான் சந்தைப்படுத்துதலின் அடிப்படைப் பாடம் இருக்கிறது. அலுவலகம் நடத்துபவர் எதிர்பார்ப்பது தடையில்லாத சேவை, ஒழுங்கான மாதக் கணக்கு. கல்லூரி மாணவரும் தொழிலாளியும் எதிர்பார்ப்பது கைக்கு அடக்கமான செலவு. இரண்டு வாக்குறுதிகளையும் ஒரே பெயரில் கொடுத்தால் இரண்டுமே மங்கிவிடும். அதனால் கோபுரங்களும் கம்பிகளும் ஒன்றாகவே இருக்க, பெயர் மட்டும் இரண்டானது. மேக்சிஸுக்குப் பச்சை, ஹாட்லிங்குக்குச் சிவப்பு.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அந்த அட்டையைப் பெரிய அலுவலகங்களில் மட்டும் விற்றிருந்தால் சிவப்பு நிறம் நாடெங்கும் பரவியிருக்காது. மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, பெட்டிக்கடை என எல்லா இடத்திலும் அது தொங்கியது. கடைக்காரருக்குச் சிறு கழிவு, நிறுவனத்துக்கு ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு விளம்பரம். மூலை முடுக்கிலும் கைக்கு எட்டும் தூரத்தில் பொருள் இருப்பதுதான் மிகச் சிறந்த விளம்பரம் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

2009 நவம்பரில் மேக்சிஸ் மீண்டும் பங்குச் சந்தைக்கு வந்தபோது திரட்டப்பட்ட தொகை 1,120 கோடி வெள்ளி. அந்தக் காலத்தில் தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய பங்கு வெளியீடு அது.

வானத்திலிருந்து வந்த தமிழ்

1996 ஜனவரியில், தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து மியாசாட்-1 துணைக்கோளம் ஏவப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ தொடங்கியது. அதுவரை மலேசியத் தமிழர் வீட்டில் தமிழ் கேட்க வேண்டுமானால் வானொலி, ஆர்.டி.எம்.மின் தமிழ்ச் செய்தி, வாரத்தில் சில மணி நேர நிகழ்ச்சிகள், இல்லாவிட்டால் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட். ஆஸ்ட்ரோ வந்தபின் 'வானவில்' என்ற பெயரில் தமிழுக்கென்றே ஓர் அலைவரிசை வந்தது. காலப்போக்கில் தமிழ்நாட்டு அலைவரிசைகளும் சேர்ந்தன. வானொலியில் 'ராகா' ஒலித்தது. வானவில்லில் 'விழுதுகள்' போன்ற உள்ளூர் நிகழ்ச்சிகளால் மலேசியத் தமிழ் முகங்கள் வீட்டுக்கு வீடு அறிமுகமாயின.

இது தமிழ்ப் பற்றினால் மட்டும் நடந்ததா? வணிகக் கணக்கைப் பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகப் புரியும்.

2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் குடிமக்களில் இந்தியர் 7.7 விழுக்காடு. 2020இல் அது 6.7 விழுக்காடு. விளம்பரத்தை மட்டும் நம்பும் தொலைக்காட்சிக்கு இந்த எண்ணிக்கை சிறியது. சோப்பு விற்கும் நிறுவனம் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்றுதான் கேட்கும். ஏழு பேரை விட்டுவிட்டு மற்ற தொண்ணூற்று மூன்று பேரிடம் போவது அதற்குச் சுலபம்.

சந்தா முறையில் கணக்கு தலைகீழாக மாறுகிறது. இங்கே பார்வையாளரே பணம் கட்டுகிறார். ஒரு வீட்டில் பாட்டிக்குத் தமிழ் நாடகம் வேண்டும், அம்மாவுக்குத் தமிழ்ப் படம் வேண்டும் என்றால், அந்த ஓர் அலைவரிசைக்காகவே முழு இணைப்பும் வாங்கப்படுகிறது. அப்பா பார்க்கும் பந்தாட்டமும் பிள்ளைகள் பார்க்கும் கேலிச்சித்திரமும் அதோடு சேர்ந்தே விலை போகின்றன. ஆகவே, தமிழ் அலைவரிசையின் மதிப்பு அதைப் பார்க்கும் தலைகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. தமிழ் இல்லாவிட்டால் எத்தனை வீடுகள் இணைப்பே வாங்கியிருக்க மாட்டா என்பதில்தான் இருக்கிறது. மலிவு விலை அடுக்குமாடிகளின் சுவர்களில் வரிசையாகத் தொங்கிய சிறு தட்டுகள் அந்தக் கணக்கு சரி என்று காட்டின.

சிறுபான்மை என்பதால் சந்தை இல்லை என்று நினைக்கும் நம்மவர் இதைக் கவனத்தில் கொள்ளவேண்டும். கூட்டம் சிறியதாக இருந்தாலும், அதற்கு வேண்டியதை அறிந்து கொடுப்பவருக்கு அது கைவிடாத கூட்டம்.

மழையும் உரிமமும்

எல்லாம் பெயரின் மகிமை என்று சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. ஆஸ்ட்ரோவின் வளர்ச்சியில் அரசாங்க உரிமத்துக்குப் பெரிய பங்குண்டு. வீடுகளுக்கு நேரடியாகத் துணைக்கோளம்வழி ஒளிபரப்பும் தனியுரிமை 2017 பிப்ரவரிவரை அதனிடமே இருந்தது. போட்டி இல்லாத இடத்தில் வாடிக்கையாளர் இருப்பதும் விரும்பி இருப்பதும் ஒன்றல்ல. கட்டண உயர்வு பற்றியும் மறுஒளிபரப்பு பற்றியும் காப்பிக் கடைகளில் எழுந்த முணுமுணுப்பை மறுப்பதற்கில்லை.

மழையும் ஒரு சோதனை. இருண்டுகொண்டு மழை கொட்டினால் திரையில் படம் போய்விடும். சிறிய தட்டுக்கு ஏற்ற உயர் அதிர்வெண் அலைகளை அடர்த்தியான மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடிப்பதே காரணம். பெரிய தட்டு வைத்தால் இந்தத் தொல்லை குறையும். ஆனால், அதை அடுக்குமாடிச் சுவரில் மாட்ட முடியாது. மலிவும் வசதியும் வேண்டும் என்பதற்காக ஏற்றுக்கொண்ட குறை அது. எந்தப் பிராண்டுக்கும் இப்படி ஒரு குறை இருக்கத்தான் செய்யும். மாற்று வழி வராதவரை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

மாற்று வழி வந்தது.

ஒரு கையால் கட்டியதை மறு கை அவிழ்த்தது

2016 ஜனவரியில் நெட்ஃபிலிக்ஸ் மலேசியாவுக்கு வந்தது. யூடியூப் அதற்கு முன்பே ஒவ்வொரு கைத்தொலைபேசியிலும் குடியேறியிருந்தது. பாட்டிகூட நாடகத்தைக் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கினார். இதில் விந்தை என்னவென்றால், அந்த இணையத்தைச் சுமந்துவந்த வலைப்பின்னல்களில் ஒன்று மேக்சிஸ். ஒரே முதலாளியின் ஒரு நிறுவனம் போட்ட பாதையில், இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் வெளியேறினார்கள்.

ஆஸ்ட்ரோ சும்மா இருக்கவில்லை. மாதக் கட்டணம் இல்லாத 'என்ஜோய்' சேவையை 2012லேயே தொடங்கியிருந்தது. 2021இல் கைப்பேசித் தலைமுறைக்காக 'சூக்கா' வந்தது. தமிழ் இளைஞர்களுக்கு 'ஆஸ்ட்ரோ உலகம்' என்ற இணையத்தளமும் உண்டு. இருந்தாலும், பங்குச் சந்தை இரக்கம் பார்ப்பதில்லை. 2012இல் மூன்று வெள்ளிக்கு வெளியான ஆஸ்ட்ரோ பங்கு, 2024 நவம்பர் 28ஆம் தேதி ஆனந்த கிருஷ்ணன் தமது 86ஆவது வயதில் காலமானபோது ஐம்பது காசுக்கும் கீழே இருந்தது.

தமிழ்நாட்டில் அவருக்கு ஏற்பட்ட அனுபவம் இதைவிடக் கசப்பானது. 2006இல் மேக்சிஸ், ஏர்செல் நிறுவனத்தின் 74 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. ஏர்செல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் மின்னிய பெயர். அந்த விற்பனை தொடர்பில் இந்திய மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கும் தொடர்ந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து விலையை உடைத்தபின் ஏர்செல் தாக்குப்பிடிக்கவில்லை. 2018 பிப்ரவரியில் திவால் மனு தாக்கல் செய்தது. அந்த நாள்களில் தமிழ்நாட்டில் சமிக்ஞை கிடைக்காமல், எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற மக்கள் கடை கடையாக அலைந்தார்கள். கோடி கோடியாகக் கொட்டி வளர்த்த பெயர், கோபுரம் வேலை செய்யாமல் நின்ற சில நாள்களில் அழிந்தது. விளம்பரம் பெயரை அறிமுகப்படுத்தும். காப்பாற்றுவது சேவைதான் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று தேவையில்லை.

ஊருக்கும் ஒரு பெயர் உண்டு

இந்த உண்மையைக் கம்போங் மேடான் மக்கள் வேறு வகையில் அறிவார்கள். 2001 மார்ச்சில் நடந்த இன மோதலில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அந்தச் சில நாள்கள் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டன. தகர வீடுகள் குறைந்து அடுக்குமாடிகள் எழுந்த பின்னும், ஒரு தலைமுறை வளர்ந்து பட்டம் வாங்கிய பின்னும், வெளியூரில் கம்போங் மேடான் என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மார்ச்தான்.

பெயர் என்பது மற்றவர் மனத்தில் இருப்பது என்றால், அதை மாற்றுவதும் மற்றவர் மனத்தில்தான் நடக்கவேண்டும். அறிக்கைவிட்டு மாற்ற முடியாது. நல்ல சாப்பாட்டுக் கடை, சொன்ன நேரத்தில் துணி தைத்துக் கொடுக்கும் தையற்கடை, நம்பி வண்டியை விடக்கூடிய பட்டறை ஆகிய பத்துப் பெயர்கள் ஓர் ஊரிலிருந்து எழுந்தால், ஊரின் பெயரும் அவற்றோடு எழும். பிரிக்பீல்ட்ஸைச் சாப்பாட்டுக்கும் பூக்கடைக்கும் மக்கள் நினைப்பது அப்படி வந்ததுதான்.

சிறுவணிகர் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, எதற்காக மக்கள் நம்மிடம் வரவேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரியவேண்டும். "எல்லாம் கிடைக்கும்" என்பது வாக்குறுதி ஆகாது. "காலை ஐந்து மணிக்குச் சூடான இட்லி" என்பது வாக்குறுதி. ஹாட்லிங்க் சொன்னதும் ஒன்றே ஒன்றுதான்: கட்டிய காசுக்கு மேல் செலவு வராது.

இரண்டாவது, பெயரைச் சட்டப்படி காத்துக்கொள்ளவேண்டும். மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் வணிகத்தைப் பதிந்துவிட்டால் பெயர் தமக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வணிகம் நடத்துவதற்கான பதிவு மட்டுமே. பெயரையும் சின்னத்தையும் பிறர் பயன்படுத்தாமல் தடுக்க, அறிவுசார் சொத்துரிமைக் கழகமான மைஐபிஓவில் வணிகச் சின்னமாகப் பதியவேண்டும். பதிவு பத்தாண்டு செல்லும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம். வீட்டிலேயே மசாலை அரைத்து, பொட்டலம் போட்டு விற்கும் பெண்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பெயர் பிரபலமான பிறகு அடுத்தவர் அதைப் பதிந்துகொண்டு வந்து நிற்கும்போது வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம், பதிவுக் கட்டணத்தைவிடப் பல மடங்காக இருக்கும்.

மூன்றாவது, மின்னியல் ஊடகத்தை அளவறிந்து பயன்படுத்தவேண்டும். தொலைக்காட்சியில் விளம்பரம் செய்ய ஒரு காலத்தில் பெரும் முதல் வேண்டியிருந்தது. இன்று பேஸ்புக்கில் பத்து இருபது வெள்ளியில்கூட, கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டலாம். கூகுள் வரைபடத்தில் கடையின் இடம், திறக்கும் நேரம், தொலைபேசி எண் மூன்றையும் இலவசமாகப் பதியலாம். ஆனால், டிக்டாக், பேஸ்புக் எல்லாம் வாடகை வீடு மாதிரி. வீட்டுக்காரர் விதியை மாற்றினால் ஒரே நாளில் கூட்டம் கலைந்துவிடும். அதனால் வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும், அவர்கள் சம்மதத்தோடு, கடைக்காரரின் சொந்த ஏட்டில் இருக்கவேண்டும். அந்த ஏடுதான் சொந்த வீடு.

நான்காவது, குறை சொல்பவரை விரட்டக்கூடாது. முன்பு ஒருவர் மனக்கசப்போடு போனால் பத்துப் பேரிடம் சொல்வார். இன்று இணையத்தில் எழுதிவிட்டுப் போகிறார். அது ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. அதற்குக் கீழே மரியாதையாக ஒரு பதிலும், முடிந்தால் ஒரு பரிகாரமும் இருந்தால், படிப்பவர் குறையை மறந்து பதிலை நினைவில் வைப்பார்.

முடிவாகச் சொன்னால், ஆனந்த கிருஷ்ணனுக்குக் கிடைத்த மூலதனமும் உரிமங்களும் எல்லாருக்கும் கிடைக்கா. அவருடைய வெற்றியும் வீழ்ச்சியும் சொல்லும் உண்மை மட்டும் எல்லாருக்கும் பொது. வாங்குபவரின் தேவையைக் கேட்டுக் கொடுத்தவரையில் அவருடைய பெயர்கள் வளர்ந்தன. அந்தத் தேவை வேறு இடத்தில் இன்னும் சுலபமாகக் கிடைத்தபோதும், கொடுத்த வாக்கைச் சேவை காப்பாற்றாதபோதும் அதே பெயர்கள் தேய்ந்தன.

அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் அந்த இரண்டு கடைகளுக்கும் விதி இதுவே. ஈ ஓட்டும் கடைக்காரர் நாளைக் காலையில் புதிய பலகை மாட்டவேண்டியதில்லை. தராசைச் சரிசெய்து, முதலில் வருபவருக்கு எடை குறையாமல் நிறுத்துக் கொடுத்தால் போதும். பெயர் அங்கிருந்துதான் தொடங்குகிறது.